வானிலை நிலையத்தின் இணைய முகப்பு: பார்வையாளருக்கு ஒரு வாசல், உங்களுக்கு ஒரு வாசல்

வீட்டில் வானிலை நிலையம் வைத்திருப்பவர்களுக்குச் சில வாரங்களிலேயே தோன்றிவிடும் ஆசை, வெளியே இருக்கும்போதும் அதன் அளவீடுகளைப் பார்க்க வேண்டும் என்பது. சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் பாய்ந்து வரும் சூறைக்காற்று சிங்கப்பூரின் ஈசூனில் நம் கூரையை எந்த வேகத்தில் கடந்தது என்பதை எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே அறிந்துகொள்வதில் ஒரு தனி நிறைவு இருக்கிறது. அந்த ஆசையை நிறைவேற்றப் பலரும் தேர்ந்தெடுக்கும் குறுக்குவழி, ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் சென்று, வானிலை மென்பொருள் இயங்கும் போர்ட்டை (கணினியில் ஒரு நிரலை எட்டுவதற்கான எண்ணிட்ட வாசலை) வெளியுலகுக்குத் திறந்துவிடுவது. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் வேலைதான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில், மழை அளவைப் பார்க்கும் உரிமையோடு மழைமானியின் அளவுத்திருத்தத்தை மாற்றும் உரிமையையும் ஊர் பேர் தெரியாதவர்களுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

ஆகவே, எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் ஒரு பிரிவினையை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அளவீடுகளைக் காட்டும் பக்கம் வேறு, நிலையத்தை ஆளும் பக்கம் வேறு. முதலாவதை உலகம் முழுவதும் பார்க்கலாம். ஆனால் அதற்காக உலகம் உங்கள் வீட்டுக்குள் வர வேண்டியதில்லை, நீங்களே அந்தப் பக்கத்தை வெளியே அனுப்பிவிடலாம். இரண்டாவது, எக்காரணம் கொண்டும் இணையத்தை நோக்கி நிற்கக் கூடாது.

இந்தப் பிரிவினை எல்லா மென்பொருளிலும் ஒரே மாதிரி அமைந்திருப்பதில்லை. வீவெக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில் இணைய சர்வர் எதுவும் கிடையாது. அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை பக்கங்களையும் வரைபடங்களையும் வெறும் கோப்புகளாக எழுதி ஒரு கோப்புறையில் வைத்துவிடுகிறது. அமைப்புகள் அனைத்தும் தனியாக ஓர் உரைக்கோப்பில் இருக்கின்றன. எனவே அதைப் பயன்படுத்துபவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. குமுலஸ் எம்எக்ஸ் என்னும் இன்னொரு வானிலை மென்பொருள் அப்படியன்று. அதற்கென்று 8998 என்னும் போர்ட்டில் ஒரு முகப்பு உண்டு, அளவீடுகளைக் காட்டும் பலகையும் அமைப்புகளை மாற்றும் பக்கங்களும் அந்த ஒரே முகப்பில்தான் இருக்கின்றன. நிலையத்தின் அளவீடுகளை ஹோம் அசிஸ்டன்ட் என்னும் வீட்டுத் தானியக்க மென்பொருளில் சேர்த்திருப்பவர்களுக்கு 8123 என்னும் போர்ட். அதில் பயனர் பெயரும் மறைச்சொல்லும் கட்டாயம், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். ஈகோவிட் போன்ற நிறுவனங்களின் உணர்கருவிகளை வைஃபையோடு இணைக்கும் கேட்வே பெட்டிகளுக்குள்ளும் ஒரு சிறிய அமைப்புப் பக்கம் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மென்பொருள் ஓடும் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியை எவ்வளவு கவனமாகப் பூட்டினாலும், பக்கத்தில் இருக்கும் அந்தச் சிறு பெட்டிக்கு மறைச்சொல் வைக்காமல் விட்டால் பயனில்லை.

இப்போது எது திறந்திருக்கிறது?

முதலில் வீட்டுக்கு உள்ளேயிருந்து பாருங்கள். ராஸ்பெரி பையில், எந்தெந்தப் போர்ட்டில் எந்த நிரல் காத்திருக்கிறது என்பதைப் பட்டியலிடும் 'எஸ்எஸ்' கட்டளையை இயக்கினால், ஒவ்வொரு வரியிலும் ஒரு முகவரி தெரியும். அந்த முகவரி 127.0.0.1 என்று இருந்தால், அந்த நிரல் அதே கணினியில் இருந்து வரும் அழைப்புகளுக்கு மட்டுமே பதில் சொல்லும். 0.0.0.0 என்றோ நட்சத்திரக் குறியாகவோ இருந்தால், கேட்கும் எவருக்கும் பதில் சொல்லும். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டவருக்கு மற்றவை எளிது.

அடுத்து வெளியேயிருந்து பாருங்கள். கைப்பேசியின் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், உங்கள் வீட்டு இணைப்பின் வெளி ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் உலாவியில் இட்டுப் பாருங்கள். பக்கம் திறந்தால், அது உங்களுக்கு மட்டும் திறக்கவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2013ல் வெளியான ஜிமேப் என்னும் கருவி, ஒரு கிகாபிட் இணைப்பில் இருந்து பழைய வகை ஐபி முகவரிகள் அனைத்தையும் ஒரு போர்ட்டுக்காகத் தட்டிப் பார்க்க 45 நிமிடத்துக்கும் குறைவான நேரமே எடுத்துக்கொண்டது. அந்த ஒரு கிகாபிட் வேகம் இன்று சிங்கப்பூரில் சாதாரண வீவக அடுக்குமாடி வீட்டின் ஃபைபர் இணைப்புக்கே உண்டு. 'என் வீட்டு முகவரி யாருக்குத் தெரியப்போகிறது?' என்ற கேள்விக்கு இதுதான் விடை. சோதனையை உங்கள் சொந்த முகவரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்தவர் நிலையத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே நுழைவது இங்கே கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின் கீழ்க் குற்றம்.

வானிலைக் கருவியை உடைத்து யார் என்ன செய்துவிடுவார்கள் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நுழைபவருக்கு நம் மழையில் அக்கறை இல்லை, அந்தக் கணினியில்தான் அக்கறை. 2016ல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் வைத்த மறைச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் ஆயிரக்கணக்கில் கைப்பற்றி, பெரிய இணையத்தளங்களை முடக்கும் படையாக மாற்றியது. சிறு கருவிகள் அற்பமானவை என்ற எண்ணம் அந்த ஆண்டோடு போயிருக்க வேண்டும்.

ரௌட்டரில் செய்ய வேண்டியவை

ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலைத் திறந்து, வானிலை நிலையத்துக்கென்று சேர்த்த வரிகளை நீக்குங்கள். டிஎம்இசட் என்ற பகுதியில் ஏதேனும் ஒரு கருவியின் முகவரி எழுதப்பட்டிருந்தால் அதையும் அழித்துவிடுங்கள். அது ஒரு போர்ட்டை மட்டுமல்லாமல் எல்லாப் போர்ட்டுகளையும் அந்தக் கருவிக்குத் திருப்பிவிடும் அமைப்பு. பின்னர் யுபிஎன்பி என்பதை அணையுங்கள். வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமல் ரௌட்டரிடம் போர்ட் திறக்கச் சொல்ல வழிவகுப்பது அதுதான். பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டிக்கு அது தேவை என்று வீட்டில் எதிர்ப்பு வரலாம். அப்படியானால் அந்தப் பெட்டிக்குரிய போர்ட்டை மட்டும் கைப்படத் திறந்து கொடுப்பது மேல். ரௌட்டரையே வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியும் அணைந்திருக்க வேண்டும்.

இங்கே ஐபிவி6 என்னும் புதிய முகவரி முறை பற்றி ஒரு சொல். பழைய முறையில், வீட்டுக் கருவிகளின் முகவரிகள் வெளியே தெரியாமல் ரௌட்டருக்குப் பின்னால் மறைந்திருந்ததே ஓர் அரைப் பாதுகாப்பாக அமைந்தது. ஐபிவி6ல் ஒவ்வொரு கருவிக்கும் வெளியுலகம் நேரடியாக அடையக்கூடிய முகவரி கிடைக்கலாம். அப்போது காவல் நிற்பது ரௌட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் (வேண்டாத அழைப்புகளைத் தடுக்கும் அரண்) மட்டுமே. அது இயங்குகிறதா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

ரௌட்டர் பழையதாக இருந்தால் இதுவே மாற்றுவதற்குத் தக்க நேரம். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020 அக்டோபரில் தொடங்கிய முத்திரைத் திட்டத்தில், கருவிகளுக்கு நான்கு நிலைகளில் தரம் குறிக்கப்படுகிறது. இங்கே விற்பனைக்கு வரும் வைஃபை ரௌட்டர்கள் குறைந்தது முதல் நிலையையாவது எட்டியிருக்க வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வாங்கி, அலமாரியிலிருந்து மீண்டும் எடுத்துப் பொருத்திய ரௌட்டருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

வீட்டுக்குள்ளும் ஒரு பூட்டு

போர்ட்டை மூடியதோடு வேலை முடிந்துவிட்டதாக நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். பள்ளி விடுமுறையில் வந்திருந்த அக்காள் மகன், வீட்டு வைஃபையில் இருந்தபடியே நிலையத்தின் முகப்பைத் திறந்து, அளவுத்திருத்தப் பக்கத்தில் மழைக்கான பெருக்கியை 1லிருந்து 10 ஆக்கிவிட்டுப் போய்விட்டான். அன்று பிற்பகல் இடிமழையில் 25 மில்லிமீட்டர் பெய்தது 250 ஆகப் பதிவானது. சாங்கி வானிலை நிலையத்தின் ஆண்டுச் சராசரியே 2,113 மில்லிமீட்டர்தான். இன்னும் எட்டு இடிமழை பெய்திருந்தால் ஓர் ஆண்டின் மழையை நான் தாண்டியிருப்பேன். பெருக்கியைத் திருத்துவது நொடி வேலை. ஆனால் ஏற்கெனவே தரவுத்தளத்தில் விழுந்துவிட்ட பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த இரண்டு மாலைகள் ஆயின. அவன் மீது எனக்குக் கோபமில்லை. மறைச்சொல் கேட்காத கதவைத் திறந்து பார்ப்பது அந்த வயதின் இயல்பு.

இதற்கான தீர்வு, வானிலை மென்பொருளுக்கு முன்னால் ஒரு காவலரை நிறுத்துவது. எஞ்சின்எக்ஸ் என்னும் சர்வரை அதே ராஸ்பெரி பையில் நிறுவி, அதை ரிவர்ஸ் ப்ராக்ஸியாக அமைக்க வேண்டும். வருகின்ற அழைப்பை அது வாங்கி, பெயரும் மறைச்சொல்லும் சரிபார்த்த பிறகே, உள்ளே 127.0.0.1 முகவரியின் 8998 போர்ட்டுக்கு அனுப்பும். மறைச்சொல் கோப்பை உருவாக்க எச்டிபாஸ்வட் என்ற சிறு கருவி போதும். அந்தக் கோப்பை இணையப் பக்கங்கள் இருக்கும் கோப்புறைக்குள் வைக்காதீர்கள்; சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டது போலாகிவிடும். குமுலஸ் எம்எக்ஸ் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: நொடிக்கு நொடி மாறும் அளவீடுகள் வெப்சாக்கெட் என்னும் தொடர் இணைப்பின் வழியாக வருவதால், 'அப்கிரேட்', 'கனெக்‌ஷன்' ஆகிய இரண்டு தலைப்பு வரிகளையும் எஞ்சின்எக்ஸ் கடத்திவிடும்படி எழுத வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் திறக்கும், எண்கள் மட்டும் உறைந்து நிற்கும். கோளாறு உணர்கருவியில் என்று நினைத்து ஏணியை எடுத்துக்கொண்டு போவீர்கள்.

காவலரை முன்வாசலில் நிறுத்திவிட்டுப் பின்வாசலைத் திறந்துவைக்கலாகாது. 8998 போர்ட்டுக்கு நேராக வருபவர்களைத் தடுக்க, ராஸ்பெரி பையிலேயே யுஎஃப்டபிள்யூ என்னும் ஃபயர்வாலை இயக்கி, உள்வரும் அனைத்தையும் மறுக்கச் சொல்லி, எஞ்சின்எக்ஸ் இயங்கும் போர்ட்டையும், வேறு கணினியிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் போர்ட்டையும் வீட்டு வலையமைப்புக்கு மட்டும் அனுமதியுங்கள். வரிசை முக்கியம்: எஸ்எஸ்எச் அனுமதியை முதலில் எழுதிவிட்டுத்தான் ஃபயர்வாலை இயக்க வேண்டும், மாற்றிச் செய்தால் உங்களை நீங்களே வெளியே நிறுத்திப் பூட்டிக்கொள்வீர்கள். மென்பொருளை, நிரல்களைத் தனித்தனிப் பெட்டகங்களில் இயக்கும் டாக்கர் வழியாக நிறுவியிருப்பவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை. டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் இந்த ஃபயர்வாலின் விதிகளைத் தாண்டிச் சென்றுவிடும். அதனால் போர்ட்டை வெளியிடும்போதே அதன் முன்னால் 127.0.0.1 என்ற முகவரியைச் சேர்த்து எழுதுங்கள்.

ராஸ்பெரி பை இயங்குதளத்தில் 2022 ஏப்ரல் வரை 'பை' என்ற பயனரும் 'ராஸ்பெரி' என்ற மறைச்சொல்லும் தாமாகவே அமைந்திருந்தன. அதற்கு முன் நிறுவிய அட்டையிலேயே இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்கள் நிறைய உண்டு. உங்களுடையது அவற்றில் ஒன்றென்றால், இந்தக் கட்டுரையின் மீதியைப் பிறகு படிக்கலாம். முதலில் அந்த மறைச்சொல்லை மாற்றுங்கள்.

வெளியிலிருந்து நீங்கள் மட்டும் நுழைய

வேலையிடத்திலிருந்தோ ஜோகூரிலிருந்தோ அமைப்புப் பக்கத்தை எட்ட வேண்டுமானால் விபிஎன், அதாவது வீட்டு வலையமைப்புக்குள் செல்லும் மறையாக்கப்பட்ட தனிப்பாதை, ஒன்றே நான் பரிந்துரைக்கும் வழி. வயர்கார்டு என்னும் விபிஎன் நிரல் 2020 மார்ச் மாதத்தில் வெளிவந்த லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னல் 5.6லேயே சேர்க்கப்பட்டுவிட்டதால் தனியாகப் பெரிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. அதற்கு ஒரே ஒரு யுடிபி போர்ட்டை, வழக்கமாக 51820ஐ, ரௌட்டரில் திறக்க வேண்டும்; அதையும், விபிஎன் வழியாக எஞ்சின்எக்ஸுக்கு வரும் அழைப்புகளையும் யுஎஃப்டபிள்யூவிலும் அனுமதிக்க வேண்டும். போர்ட்டைத் திறக்காதே என்று சொல்லிவிட்டு இப்போது திறக்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். வேறுபாடு இதுதான்: சரியான சாவி இல்லாமல் வரும் அழைப்புக்கு வயர்கார்டு பதிலே அனுப்பாது. தட்டிப் பார்ப்பவருக்கு அங்கே ஆள் இருப்பதே தெரியாது. கைப்பேசியில் அமைக்கும்போது, அனுமதிக்கப்பட்ட முகவரிகள் என்ற இடத்தில் ராஸ்பெரி பையின் முகவரியை மட்டும் எழுதினால், உங்கள் மற்ற இணையப் போக்குவரத்து வழக்கம்போல் நேராகச் செல்லும். கைப்பேசி தொலைந்தால் அந்த ஒரு சாவியை மட்டும் ராஸ்பெரி பையிலிருந்து நீக்கிவிட்டால் போதும்.

வெளி ஐபி முகவரியே தனியாகக் கிடைக்காத இணைப்புகளில், குறிப்பாக மொபைல் அகன்ற அலைவரிசை வழியே இயங்கும் வீடுகளில், டெயில்ஸ்கேல் என்னும் விபிஎன் சேவை பொருந்தும். அதுவும் உள்ளே வயர்கார்டையே பயன்படுத்துகிறது, எந்தப் போர்ட்டையும் திறக்கச் சொல்வதில்லை. ஆனால் அங்கே உங்கள் வீட்டுச் சாவி ஒரு மின்னஞ்சல் கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லையென்றால் மற்றதெல்லாம் வீண். அதிலுள்ள ஃபனல் என்னும் வசதி ஒரு பக்கத்தை உலகம் முழுவதற்கும் திறந்துவிடும் என்பதால், ஆர்வத்தில் அதை அமைப்புப் பக்கத்துக்கு இயக்கிவிடாதீர்கள்.

உலகம் பார்க்க வேண்டிய பக்கம்

அளவீடுகளைப் பிறரும் பார்க்க வேண்டும் என்றால், பக்கங்களை வெளியே ஒரு வாடகை சர்வருக்கோ நிலையான பக்கங்களை இலவசமாக ஏற்கும் சேவைக்கோ அனுப்புங்கள். வீவெக்ஸ் இதைக் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவி வழியாகத் தானே செய்துவிடும். பழைய எஃப்டிபி முறை மறைச்சொல்லை மறையாக்கம் இல்லாமல் அனுப்புவதால் அதைத் தவிர்த்து, எஸ்எஸ்எச் வழி செல்லும் முறைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெதர் அண்டர்கிரவுண்ட் போன்ற தளங்களுக்கு அளவீடு அனுப்பும்போது, நிலைய எண்ணும் அதற்குரிய சாவியும் அழைப்பின் முகவரி வரியிலேயே எழுதப்பட்டுச் செல்கின்றன. எனவே வேறெங்கும் பயன்படுத்தும் மறைச்சொல்லை அங்கே வைக்காதீர்கள்.

வீவெக்ஸின் ஐந்தாம் பதிப்பைப் பைத்தானின் பிப் கருவி வழியாக நிறுவியிருந்தால் ஒரு தவறு செய்வது மிக எளிது. பொதுப் பக்கங்கள் இருக்கும் கோப்புறை, அமைப்புக் கோப்பும் தரவுத்தளமும் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே இருப்பதால், சர்வரின் தொடக்கக் கோப்புறையைக் குறிக்கும்போது ஒரு படி மேலே குறித்துவிட்டால், எல்லாத் தளங்களின் மறைச்சொற்களும் உள்ள அந்த அமைப்புக் கோப்பை எவரும் பதிவிறக்கலாம். அக்கோப்பைப் படிக்கும் உரிமையை அதன் உரிமையாளருக்கு மட்டும் என்று மாற்றுவதும் நல்லது.

பக்கத்தில் என்ன தெரிகிறது என்பதையும் ஒரு திருடனின் கண்ணால் ஒருமுறை படித்துப் பாருங்கள். சிங்கப்பூரின் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு ஒரு வட்டாரத்தையன்று, ஒரு தனிக் கட்டடத்தைச் சுட்டுகிறது. தரைவீட்டுக்காரர்களுக்கு அது வீட்டு வாசலையே காட்டிவிடும். நிலையத்தின் பெயரில் அது வேண்டாம். அட்சரேகை, தீர்க்கரேகைகளைத் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கங்களோடு நிறுத்தினால், இடம் சுமார் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு மங்கலாகும். அண்டை வீட்டு வானிலையை அறிய அது தாராளம். அதைவிட முக்கியமானது வீட்டுக்குள் உள்ள உணர்கருவி. நம் ஊரில் இரவு அறை வெப்பநிலை 31 பாகையிலிருந்து 25க்கு இறங்கினால், குளிரூட்டியைப் போட்டுவிட்டு ஆள் உறங்குகிறார் என்று பொருள். தொடர்ந்து ஐந்து இரவுகள் அந்தக் கோடு இறங்கவேயில்லை என்றால், குடும்பம் ஊருக்குப் போயிருக்கிறது என்று நீங்களே வரைபடம் போட்டு அறிவித்தது போலாகும். உள்வெப்பநிலையையும் உள் ஈரப்பதத்தையும் பொதுப் பக்கத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் முகப்பையே இணையத்தில் வைத்தாக வேண்டிய தேவை சிலருக்கு இருக்கலாம். அப்போது 443 போர்ட் ஒன்றை மட்டும் திறந்து, எஞ்சின்எக்ஸுக்கு எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்குங்கள். அது இல்லாமல் அனுப்பப்படும் மறைச்சொல் வெறும் உருமாற்றம் பெற்றதுதான், மறையாக்கம் பெற்றதன்று. லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாக வழங்கும் சான்றிதழ் குறுகிய காலமே செல்லும் என்பதால், செர்ட்பாட் என்னும் கருவி வழியாகத் தானே புதுப்பிக்கும்படி அமைத்துவிட வேண்டும். யாரும் ஊகிக்க முடியாத தளப்பெயரை வைத்தால் ஒளிந்துகொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் எவரும் படிக்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் உடனுக்குடன் ஏறிவிடுகிறது, அங்கிருந்தே பெயர்களைப் பொறுக்கும் நிரல்கள் இருக்கின்றன. ஃபெயில்2பேன் என்னும் நிரலை நிறுவி, ஐந்து முறை தவறாக முயலும் முகவரியை ஒரு மணி நேரம் தடுக்கச் சொல்லலாம். இந்த வழி பாதுகாப்பானதே, ஆனால் தொடர்ந்து பராமரிக்க மனம் உள்ளவர்களுக்கு மட்டும்.

எல்லாம் முடிந்த பின், தொடக்கத்தில் செய்த சோதனையை மீண்டும் செய்யுங்கள். மொபைல் டேட்டாவில் 8998ஐ இட்டால் உலாவி காத்திருந்து காத்திருந்து கைவிட வேண்டும்; விபிஎன்னை இயக்கி எஞ்சின்எக்ஸின் போர்ட்டை இட்டால் பக்கம் வந்து மறைச்சொல் கேட்க வேண்டும். அந்தச் சோதனையை நாள்காட்டியிலும் குறித்துவையுங்கள்: இணைய ஒப்பந்தம் முடிந்து, புதுப்பிக்கும்போது புதிய ரௌட்டர் ஒன்று வீட்டுக்கு வருமே, அந்த நாளில். நீங்கள் அணைத்த யுபிஎன்பி அதில் மீண்டும் இயங்கிக்கொண்டிருக்கக்கூடும்.